கதவுக்கு இந்தப் பக்கம்

...செருப்புதான் பிரச்சினை, கதவு இல்லை, கதவை எங்கே வேண்டுமானாலும் வைத்துவிடலாம், சுவரில் வைக்கலாம், மாடிப்படிக்கு அடியில் வைக்கலாம், படிக்கிறவர்கள் கதவை ஒருநாளும் கேள்வி கேட்க மாட்டார்கள், ஒரு பழைய ஆவண அறையின் இரும்பு அலமாரிக்குப் பின்னால் எப்படி அறுநூறு வருஷத்துக்கு முந்தைய ராஜ்யம் இருக்கும் என்று இன்றுவரை ஒருத்தரும் கேட்கவில்லை, ஆனால் நாயகி அந்தப் பக்கம் கால் வைக்கும்போது அவள் காலில் ரப்பர் செருப்பு இருக்கிறது, அந்த ஊரில் ரப்பர் என்று ஒரு வஸ்துவே கிடையாது, அதை முதலில் பார்க்கிற காவல்காரன் பயப்படுவானா, முகர்ந்து பார்ப்பானா, பிடுங்கிக்கொண்டு போய்ப் பெண்டாட்டிக்குக் கொடுப்பானா... "ஏய், தண்ணி ஆறுது, எங்கடி போயிட்ட" என்றாள் அம்மா. எங்கேயும் போகவில்லை, இங்கேதான் இருக்கிறாள், குளியலறையில், ஒரு கையில் மக்கும் ஒரு கையில் அம்மாவின் பின்னந்தலையுமாக. அம்மா பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, மாவுக்கட்டுப் போட்ட வலது கையைப் பாலிதீன் பையில் சுற்றி, யாரோ சரணடையச் சொன்ன மாதிரி மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைக் கூடத்தில் சோப்புத் தண்ணீர் தேங்கிய தரையில் வழுக்கி விழுந்த கை அது. அங்கே இருக்கிற மேற்பார்வையாளன் முதலில் பார்த்தது கையை இல்லை, காலை, என்ன செருப்பு போட்டிருந்தீங்க என்று கேட்டானாம், ரப்பர் செருப்பென்றால் அவர்கள் பொறுப்பில்லையாம், தரையில் தண்ணீர் தேங்கியது யார் பொறுப்பு என்று அம்மா கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, சரிங்க சார் என்று சொல்லிவிட்டு வந்தாள், அதை நினைத்தாலே இவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது... தலையை இன்னும் கொஞ்சம் சாய் என்று அம்மாவின் நெற்றியைப் பின்னால் தள்ளினாள். ஜன்னல் விளிம்பில், தண்ணீர் படாமல் இருக்க இன்னொரு பாலிதீன் பைக்குள், அவளுடைய ஃபோன் இருந்தது. எடிட்டர் கூப்பிடுவார். பகல் சாப்பாட்டுக்கு முன்னால் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவார். அதற்குள் அவள் ஒரு விஷயத்தை முடிவுசெய்தாக வேண்டும், நாயகி திரும்பி வருகிறாளா இல்லையா.

நேற்று எடிட்டர் கேட்டது அது மட்டும் என்றால் சுலபம். வருகிறாள் என்றோ வரவில்லை என்றோ ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் அவர் கேட்டது வேறு, மென்மையான குரலில், தேன் தடவிய ஊசி போல, "உங்க ராஜ்யம் பிரமாதம்மா, நானே அந்தத் தெருவுல நடந்த மாதிரி இருக்கு, கடைசில கதவு மூடிக்கிட்டே வருதே, அந்த இடத்துல எனக்கு மட்டும் ஒண்ணுமே ஆகலை, ஏன்னு யோசிச்சேன், அவ திரும்பி வர்றதுக்கு இந்தப் பக்கம் என்ன இருக்கு?" ஒரு ஆப்பில் வாரம் ஓர் அத்தியாயமாக அவள் எழுதிப் போட்ட தொடர்கதை, இதய வடிவம் அனுப்புகிறவர்களும் அடுத்தது எப்போ என்று அதட்டுகிறவர்களுமாக ஒரு கூட்டம் சேர்ந்து, அதை ஒரு பதிப்பகத்துக்காரர் பார்த்து, எடிட்டரிடம் கொடுத்து, இன்று அவர்கள் கூட்டத்தில் எது அச்சுக்குப் போவது என்று முடிவாகும். முடிவு சரியாக இருந்தால் இந்த வருஷமே புத்தகம். இல்லாவிட்டால் "அடுத்த வருஷம் பாப்போம்". அடுத்த வருஷம் பார்ப்போம் என்பதற்கு அவர்கள் அகராதியில் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா, பட்டம் வாங்கி வெளியே வந்ததிலிருந்து எத்தனை அலுவலகத்தில் அதே வாக்கியத்தைக் கேட்டிருக்கிறாள். வரலாறு படித்தாள், வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள், என்ன படிக்கிற என்று கேட்ட சித்தப்பா வரலாறு என்றதும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "அது நடந்து முடிஞ்சதாச்சே, அதுல படிக்க என்ன இருக்கு" என்றார், அவர் கேட்டது ஒரு வகையில் நியாயம்தான், இப்போது கூரியர் கம்பெனியில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, என் பார்சல் எங்கே என்று கத்துகிறவர்களுக்கு வந்துகொண்டே இருக்கிறது சார் என்று பதில் சொல்கிறாள், எந்த ராஜாவின் எந்த வம்சமும் அதில் உதவிக்கு வரவில்லை. இந்தக் குடும்பத்தில் யாருடைய பேரும் மின்சார பில்லைத் தவிர எதிலும் அச்சானதில்லை. புத்தகத்தின் முதுகில் அவள் பேர்... வேண்டாம், அதை நினைக்க ஆரம்பித்தால் யோசனை ஓடாது.

ஷாம்பூவை உள்ளங்கையில் பிழிந்தாள். ஓட்டலிலிருந்து வந்தது, விருந்தாளிகள் பாதி உபயோகித்துவிட்டு விட்டுப்போன குட்டிப் பாட்டில்கள், அம்மா அவற்றை ஒன்றுக்குள் ஒன்றாக ஊற்றி வைத்திருப்பாள், அதனால் இந்த வீட்டு ஷாம்பூவுக்கு ஒரு வாசனை கிடையாது, எல்லா வாசனையும் உண்டு. அந்தப் பக்கத்தில் ஷாம்பூ கிடையாது. சோப்பு உண்டா என்பதற்கே அவள் ஒரு வாரம் செலவழித்தாள், சாம்பலும் கொழுப்பும் போதும் என்று தெரிந்ததும் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சந்தையே சோப்புக் காய்ச்சுகிறவர்களுக்கு ஒதுக்கிக் கொடுத்துவிட்டாள், நாற்றம் பொறுக்காமல் அரண்மனை ஆட்கள் அந்தப் பக்கமே போவதில்லை என்று எழுதினாள், பிறகு ஒற்றன் ஒளிந்துகொள்ள இடம் வேண்டியபோது அதே சந்தை கை கொடுத்தது. அவள் வேலை செய்கிற முறை அப்படி. எந்த இடத்தையும் அழகாக இருக்கிறது என்று எழுத மாட்டாள், யார் கூட்டுகிறார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது, குதிரைச் சாணத்தை யார் அள்ளுகிறார்கள், விளக்கை யார் ஏற்றுகிறார்கள், ஏற்றுகிறவனுக்குக் கை சுட்டால் யார் மருந்து போடுகிறார்கள் என்று கேட்டுக் கேட்டுத்தான் ஒரு தெருவைக் கட்டுவாள். மற்றவர்கள் எழுதுகிற இந்த மாதிரிக் கதைகளைப் படித்தால் அவளுக்கு வயிறு எரியும், எவளோ ஒருத்தி இந்தக் காலத்திலிருந்து போய் விழுவாளாம், விழுந்த வேகத்தில் இளவரசி என்று நினைத்துக்கொள்வார்களாம், பாஷை புரியுமாம், பல் தேய்க்காமலே வாய் மணக்குமாம்... அவளுடைய உப்புக் கோட்டையில் அப்படி எவளும் நுழைய முடியாது. மூன்று வாசல், மூன்றிலும் வேறு வேறு கேள்வி, முத்திரை இல்லாதவர்கள் உப்பு மூட்டை தூக்கிவிட்டுத்தான் உள்ளே போகலாம், நாயகியும் தூக்கினாள், தோள் தோலுரிந்தது, வாசகர்கள் அந்த அத்தியாயத்துக்கு அழுது வைத்தார்கள். ராஜாவுக்கு இடது முழங்கால் ஏன் மழைக்காலத்தில் வலிக்கிறது என்று அவளுக்குத் தெரியும், அது கதையில் வராது, இருந்தாலும் தெரியும். துறைமுகத்துச் சுங்கக்காரனின் மாமியார் எந்த ஊர் என்று கேட்டால்கூடச் சொல்வாள். இத்தனை கட்டிவிட்டு இந்தப் பக்கத்துக்கு அவள் கொடுத்தது மூன்று வரி.

மூன்று வரி. முதல் வரி, அவளைத் தேட ஒருவரும் இல்லை. ரொம்பப் பேர் மெச்சிய வரி. இரண்டாவது வரியில் அம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிடுகிறாள், மூன்றாவதில் அப்பா, பேராசிரியர், ஒரு நூலகத்தை விட்டுவிட்டு அவரும் போகிறார். நாயகி எங்கிருந்து வந்தாள் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும், வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, அப்பா பேராசிரியர், வீட்டில் சுவர் முழுக்கப் புத்தகம், ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாவிட்டால் சாப்பிட்டுக்கொண்டே கேட்டுவிடலாம், இவள் நன்றாக எழுதிய கட்டுரையை விரிவுரையாளர் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து இது நீயே எழுதினதா என்று கேட்ட அன்று, அந்த முதல் வரிசைக்காரி திரும்பிப் பார்த்துச் சிரிக்கவில்லை, அது வேறு, அனுதாபமாகப் பார்த்தாள், சிரித்திருந்தால்கூட மன்னித்திருப்பாள். அவளைத்தான் பிடித்துக் கதவுக்குள் தள்ளி உப்பு மூட்டை தூக்கவைத்தாள். ஆனால் அம்மாவைக் கொன்றது வஞ்சத்தில் இல்லை, அது தொழில் வழக்கம். கதவு வைத்த கதைகளில் முதல் பலி அம்மாதான், அதைச் செய்யாமல் யாரும் எழுத முடியாது, அவள் முயன்று பார்த்தாள். அம்மாவை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துப் பார்த்தாள், நாயகி அந்தப் பக்கம் போன முதல் ராத்திரியே மருந்து யார் கொடுப்பார்கள் என்று புலம்ப ஆரம்பித்துவிட்டாள், அவள் காதலிக்க வேண்டிய கப்பல் தலைவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அம்மாவை வெளிநாட்டுக்கு அனுப்பிப் பார்த்தாள், தினம் ஃபோன் வரும், எடுக்காவிட்டால் போலீசுக்குப் போவாள். அம்மாவோடு சண்டை என்று வைத்துப் பார்த்தாள், அது இன்னும் மோசம், சண்டை போட்டவள் எந்த மாடத்தில் நின்று எந்தக் கடலைப் பார்த்தாலும் அம்மாவோடேயே பேசிக்கொண்டிருக்கிறாள். கடைசியில் காய்ச்சல் என்று ஒரு சொல் போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது, கதை இறகு மாதிரி எழும்பியது. அன்றைக்கு அவள் நன்றாகத் தூங்கினாள். இப்போது எடிட்டர் வந்து கேட்கிறார், இந்தப் பக்கம் என்ன இருக்கு. ஒன்றும் இல்லை மேடம், நான்தான் காலி செய்தேன், காலி செய்யாவிட்டால் உங்கள் பிரமாதமான ராஜ்யம் கிடையாது... இப்படிச் சொல்ல முடியுமா. காதலன் ஒருத்தனை வைக்கலாம் என்று ஆப்புக்காரர்கள் சொல்வார்கள். நூலகத்தில் ஒரு பூனையை வைக்கலாம். பூனைக்காக ஒரு ராஜ்யத்தை விட்டுவிட்டு வருவாளா ஒருத்தி, வந்தாலும் வருவாள், பூனை வளர்க்கிறவர்கள் அப்படித்தான்.

"சொறியாதடி, அலசு. மீன் கழுவற மாதிரி கழுவுற" என்றாள் அம்மா. "நீ தலையை ஆட்டாம இரு." "நான் எங்க ஆட்டுறேன், நீதான் கைய வெச்சிட்டுக் கனவு காணுற. கத ஓடுதா?" ஓடவில்லை, நிற்கிறது என்றாள். அம்மாவின் முடி ஈரத்தில் இவ்வளவுதானா என்று இருந்தது, காய்ந்திருக்கும்போது கொண்டையில் அத்தனை தெரியும், இப்போது ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிறது, உச்சியில் வகிடு அகன்று கிடக்கிறது. "அந்தக் கப்பக்காரன் என்ன ஆனான், அதச் சொல்லு, அங்க எல்லாரும் என்னப் புடுங்கி எடுக்குறாளுங்க" என்றாள் அம்மா. அங்கே என்றால் சலவைக் கூடத்தில். அந்த ஆப்பில் கதையைத் தானே வாசிக்கிற வசதி ஒன்று உண்டு, உயிரில்லாத ஒரு பெண் குரல், கமா வந்தாலும் மூச்சு வாங்காது, அதை ஃபோனில் போட்டு, துணி மடிக்கும் மேசையில் சாய்த்து வைத்து, விரிப்புகளை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து மடித்துக்கொண்டே கேட்பார்களாம். குண்டூசி என்று ஒருத்தி, இஸ்திரி இயந்திரத்தில் நிற்பவள், வாய்தான் குத்தும், அதனால் அந்தப் பேர், அவள் ஒவ்வோர் அத்தியாயம் முடிந்ததும் தீர்ப்புச் சொல்வாளாம். "உம் பொண்ணு கதையில ராஜாவுக்கு வேலவெட்டியே இல்லையான்னு கேக்குறா, எந்நேரமும் மாடத்துல நின்னு கடலப் பாக்குறானாம்." "அவர் யோசிக்கிறார்மா." "அதத்தான் நானும் சொன்னேன், யோசிக்கிறவன் ஒருத்தன் இருந்தாத்தான ராஜ்யம்னு. உடனே அவ, அப்ப நம்ம சார்கூட ராஜாதான், அவனும் எந்நேரமும் மொட்டமாடியில நின்னு சிகரெட்டு ஊதிக்கிட்டு யோசிக்கிறான்ங்குறா." அம்மா குலுங்கிச் சிரித்தாள், நுரை காதுக்குள் போயிற்று. இவளுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள், அந்த மேற்பார்வையாளனை வைத்துச் சிரிக்கிற மனசு எப்படி வருகிறது இவர்களுக்கு, கை ஒடிந்திருக்கிறது, பணிக்குத் திரும்பும்வரை சம்பளம் உண்டா என்றே தெளிவாகச் சொல்லவில்லை, இவள் நேரே போய் நாலு கேள்வி கேட்கிறேன் என்றால் அம்மா காலைக் கட்டிக்கொள்ளாத குறை, நீ வாயத் தொறந்தா என் வேல போயிடும். படித்த வாயை வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே சுற்ற வேண்டியதுதான்.

"ஆனா மொத வரியிலேயே அம்மாக்காரியப் போட்டுத் தள்ளிட்டியே" என்றாள் அம்மா, அதே சிரிப்பு முடியாத குரலில்.

கை நின்றது. முதல் வரி இல்லை, இரண்டாவது வரி, என்று திருத்துகிற வார்த்தைதான் முதலில் நாக்குக்கு வந்தது, நல்லவேளை வெளியே வரவில்லை. உப்பு மூட்டை அத்தியாயத்திலிருந்துதான் கேட்கிறார்கள் என்று நினைத்திருந்தாள், அப்படித்தான் அம்மா சொன்ன ஞாபகம், இல்லை, அம்மா அப்படிச் சொல்லவே இல்லை, இவளே அப்படி நினைத்துக்கொண்டாள், அதுதான் வசதியாக இருந்தது. அப்படியானால் முதல் நாளே கேட்டிருக்கிறார்கள், மேசையைச் சுற்றி நின்று, விரிப்பைப் பிடித்துக்கொண்டு, அந்த உயிரில்லாத குரல் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள் என்று சொல்லியிருக்கிறது, எல்லோரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள், குண்டூசி ஏதாவது சொல்லியிருப்பாள், நிச்சயம் சொல்லியிருப்பாள்... "குண்டூசி என்ன சொன்னா?" என்று கேட்டாள், தன் குரல் சாதாரணமாக இருந்ததைக் கவனித்தாள். "அவ என்ன சொல்லுவா, மவராசி இருக்கும்போதே காரியம் பண்ணிட்டாளேன்னா. நான்தான் சொன்னேன், அடி போடி கூறுகெட்டவளே, அம்மாக்காரி இருந்தா அவ எப்படிப் போவா? போயிட்டு வரேன்மான்னு சொல்லிட்டா போக முடியும், எங்க போற, யாரு கூடப் போற, எப்ப வருவன்னு கேக்க மாட்டாளா? அந்த அலமாரிக்குப் பின்னாடி போறதுக்கு முன்னாடி ஆயிரம் கேள்வி. அதான் எடுத்துட்டா. சரியாத்தான் பண்ணியிருக்கா என் பொண்ணுன்னு சொன்னேன்." பெருமையாகத்தான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. கோபப்பட்டிருந்தால் பதில் தயாராக இருந்தது, கதைம்மா, கதை வேற வாழ்க்கை வேற, இதெல்லாம் உனக்குப் புரியாது என்று ஒரு மூச்சில் சொல்லி முடித்திருக்கலாம், புரியாது என்று சொல்வதற்கு வழியே இல்லாமல் புரிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மக்கில் தண்ணீர் மொண்டாள், ஊற்றாமல் கையிலேயே வைத்திருந்தாள். "அந்த எடிட்டர் கேக்குறாங்க, அவ திரும்பி வருவாளான்னு" என்றாள், எதற்கு இதை அம்மாவிடம் சொல்கிறோம் என்று தெரியாமலே. "எதுக்கு வரணும்?" என்றாள் அம்மா.

"எதுக்கா?" "அங்க கரண்டு இல்ல, சரி. ஃபேன் இல்ல. ஆனா கடக்காத்து வருதுன்னு நீதான எழுதியிருக்க. நானா இருந்தா திரும்பி வர மாட்டேன்பா." பா என்றது, யாரோ தோழியிடம் சொல்வது போல. "நீயா, அங்க போய் என்ன பண்ணுவ?" "ஒண்ணும் பண்ண மாட்டேன், சும்மா உக்காருவேன்." "சும்மா உக்கார விடமாட்டாங்க, உப்பு மூட்டை தூக்கணும்." "கை ஒடஞ்சிருக்குன்னு சொல்லுவேன்." "சாப்பாடு?" "யாராச்சும் குடுப்பாங்க. ராஜா வீடுதான?" "அப்பா?" அம்மா இதற்கு வாய்விட்டே சிரித்தாள். அப்பா லாரியோடு போகிறவர், வாரக் கடைசியில் வந்து குளித்துச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு மறுபடி போகிறவர். "உங்கப்பனுக்கு நான் போனது தெரியவே ரெண்டு வாரம் ஆவும். சோறு ஆறியிருக்கேன்னு அப்பத்தான் தேடுவாரு." அப்போ நான், என்று அடுத்ததாகக் கேட்டிருக்க வேண்டும், வரிசைப்படி அடுத்த கேள்வி அதுதான், உரையாடல் எழுதுகிற எவளும் அதைத்தான் எழுதுவாள். அவள் ஷாம்பூவை இன்னொரு முறை பிழிந்தாள். தேவையில்லை, ஏற்கெனவே நுரை நிறைய இருந்தது.

நானா இருந்தா. இத்தனை நாளில் ஒருமுறைகூட அவள் அம்மாவைக் கதவுக்கு அந்தப் பக்கம் வைத்து யோசித்ததில்லை. அம்மா என்றால் இந்தப் பக்கம், விட்டுவிட்டுப் போக வேண்டியவள், அல்லது போவதற்கு வசதியாகச் செத்துக்கிடக்க வேண்டியவள், காத்திருக்கத் தெரிந்த ஒரு நாற்காலி மாதிரி. கதவு யாருக்கு வைத்தது, இருபது வயதுக்காரிகளுக்கு, தோல் பளபளப்பாக இருப்பவர்களுக்கு, அவர்களைப் பார்த்துக் கப்பல் தலைவன் திகைக்க வேண்டும். நாற்பத்தெட்டு வயதில், ஒரு கையில் மாவுக்கட்டோடு, ஓட்டல் சீருடையில் ஒருத்தி அலமாரிக்குப் பின்னால் போனால் என்ன ஆகும்... முதல் வாசல் காவல்காரன் என்ன சொல்வான் என்று உடனே தெரிந்தது, அவன் இவள் படைத்தவன், கேள்வியும் இவள் கொடுத்ததுதான், யாருடைய ஆள் நீ? அதற்கு அம்மா என்ன சொல்வாள். தெரியவில்லை. சரிங்க சார் என்பாளா. அங்கேயும் சரிங்க சார்தானா, அல்லது இங்கே இவளுக்காக, இந்தச் சம்பளத்துக்காக, கல்லூரிக் கட்டணத்துக்காகச் சொல்லிப் பழகிய வார்த்தை அது, அங்கே போனால் கழன்று விழுந்துவிடுமா. ராஜாவின் முழங்கால் வலி தெரியும், சுங்கக்காரனின் மாமியார் ஊர் தெரியும், அம்மா சும்மா உட்காருவேன் என்றால் எப்படி உட்காருவாள் என்று தெரியவில்லை, அவள் சும்மா உட்கார்ந்து இவள் பார்த்ததில்லை, இதோ இந்த முக்காலியில் உட்கார்ந்திருப்பதுகூடக் கை ஒடிந்ததால்தான். கடலைப் பார்ப்பாளா. எதை யோசிப்பாள். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா என்ன ஆக நினைத்தாள் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா, ஒரு பாத்திரத்தை எழுத ஆரம்பிக்கும்முன் அவள் கேட்கிற முதல் கேள்வியே அதுதான், உனக்கு என்ன வேண்டும், ஒற்றனிடம் கேட்டாள், சோப்புக் காய்ச்சுகிற கிழவனிடம்கூடக் கேட்டாள். பாவம் என்று தோன்றவில்லை, குற்ற உணர்ச்சியும் வரவில்லை, அவளுக்கு அதெல்லாம் சட்டென்று வருவதில்லை, வந்தது ஓர் எரிச்சல், தன் ராஜ்யத்துக்குள் தனக்குத் தெரியாமல் ஒருத்தி நடந்துகொண்டிருக்கிறாள், எந்தத் தெருவில் திரும்பப்போகிறாள் என்று சொல்ல முடியவில்லை, முத்திரையும் இல்லை, மூட்டையும் தூக்கவில்லை...

ஃபோன் அடித்தது. பாலிதீன் பைக்குள் அடித்தது, ஜன்னல் விளிம்பில் நடுங்கியது. ஈரக் கையால் எடுக்க முடியாமல், பையோடேயே அழுத்தி ஒலிபெருக்கியில் போட்டாள். எடிட்டரின் குரல் குளியலறையில் எதிரொலித்தது. "முடிவு பண்ணிட்டீங்களாம்மா? எனக்கு இப்ப கூட்டத்துக்குக் கூப்பிடுறாங்க." அம்மா தலையிலிருந்து நுரை வழியாமல் நெற்றியைப் பின்னால் சாய்த்து, கண்ணை இறுக்கி மூடி, உதட்டையும் மூடிக்கொண்டாள், பெரிய இடத்து ஃபோன் வந்தால் அவள் எப்போதும் இப்படித்தான், மூச்சைக்கூடக் குறைத்துக்கொள்வாள். "மேடம், போறவளை மாத்தணும்" என்றாள். "புரியலைம்மா." "நாயகி வேற. அந்தப் பேராசிரியர் பொண்ணு இல்ல. அம்மா போறா. பொண்ணு இந்தப் பக்கம் இருக்கா." அந்த முனையில் யாரோ கதவைத் திறந்து மூடுகிற ஓசை கேட்டது. "அம்மான்னா, என்ன வயசு?" "நாப்பத்தெட்டு." "அந்தக் காதல், கப்பல் தலைவன், எல்லாம்?" "அதெல்லாம் பாக்கணும் மேடம்." "நீங்க சொல்றது மொத்தமா வேற புத்தகம்மா." குரலில் தேன் குறைந்து, முதல் தடவையாக ஒரு மனுஷியின் குரல் மாதிரி இருந்தது. "சுவாரசியமா இருக்கு, இல்லங்கல. இன்னிக்குக் கூட்டத்துல இத என்னால வைக்க முடியாது, இருக்குற கதையத்தான் வைக்க முடியும், ஒரு பூனையாவது குடுங்கன்னு கேக்கலாம்னுதான் கூப்பிட்டேன்." பூனை. அவரும் பூனைக்குத்தான் வந்தார். பூனை என்று சொல்லிவிடலாம், ஒரே வார்த்தை, காய்ச்சல் மாதிரி ஒரே வார்த்தை, புத்தகத்தின் முதுகில் அவள் பேர் வந்துவிடும், சித்தப்பா கையில் கொண்டுபோய் வைக்கலாம், அந்த விரிவுரையாளருக்கு ஒரு பிரதி தபாலில் அனுப்பலாம், இது நானே எழுதினதுதான் என்று கையெழுத்துப் போட்டு. நாக்கு நுனியில் இருந்தது. "பூனை வேண்டாம் மேடம்" என்றாள்.

"சரி, அப்ப ஒண்ணு மட்டும் சொல்லுங்க, எனக்காக" என்றார் எடிட்டர். "அந்த அம்மா. அவ திரும்பி வருவாளா?" கூரியர் கம்பெனியில் முதல் நாளே சொல்லிக்கொடுத்த விஷயம், தெரியவில்லை என்று மட்டும் சொல்லக்கூடாது, பார்சல் கடலில் விழுந்திருந்தாலும் வந்துகொண்டிருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். "தெரியல மேடம்." "பொண்ணு இந்தப் பக்கம் இருக்கான்னு நீங்கதான சொன்னீங்க?" "இருக்கா. அது போதுமான்னு தெரியல." எடிட்டர் ம் என்றார். தெரிஞ்சா கூப்பிடுங்கம்மா, அடுத்த வருஷம் பாப்போம் என்றார், வைத்துவிட்டார். போயிற்று. இவ்வளவுதான், இரண்டு நிமிஷம் இருக்குமா. எதையாவது உடைக்க வேண்டும் போல இருக்கும் என்று எதிர்பார்த்தாள், மக் கையில்தான் இருந்தது, அதில் தண்ணீர் இருந்தது.

"வேணாம்னுட்டாங்களா?" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமல். "ம்." "என்னால கெட்டுதா?" "உன்னால ஒண்ணுமில்ல." "நான் சும்மா வாய்க்கு வந்தத உளறினேன்டி, கதைக்குச் சொன்னேன், அதப் போயி ஃபோன்ல..." இடது கை காற்றில் துழாவி இவள் முழங்காலைப் பிடித்தது, பிடித்தது சமாதானத்துக்கா, எழுந்திருக்கவா என்று சொல்ல முடியவில்லை. "ஊத்துடி, கண்ணு எரியுது." ஊற்றினாள். நுரை இறங்கி அம்மாவின் கழுத்து வழியாக, முதுகு வழியாக, சலதாரையைத் தேடி ஓடியது. இன்னொரு மக் ஊற்றினாள். தண்ணீருக்கு அடியில் அம்மாவின் முகம் கொஞ்ச நேரம் யாருடைய முகமாகவும் இல்லாமல், எந்த வயதாகவும் இல்லாமல் இருந்தது. இப்போது கேட்டுவிடலாம், இவ்வளவு பக்கத்தில் இருக்கிறாள், வேறு யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, நிஜமாகவே வர மாட்டியா என்று கேட்டால் போதும். ஆனால் கேட்டால் அம்மா உடனே வருவேன் என்று சொல்லிவிடுவாள், உன்ன விட்டுட்டு எங்கடி போவேன் என்பாள், எல்லா அம்மாக்களும் சொல்கிற பதில், யோசிக்காமல் சொல்கிற பதில், அது கதைக்கு உதவாது, அதனால்தான் கேட்கவில்லை... கதைக்கு உதவாது என்பதால்தானா.